தப்பிப் பிழைக்க ஒரு தாலுகா

ஒரு கோடையில் எங்கள் வீட்டு போர்வெல் வற்றியது. டேங்கர்காரர் போனை எடுக்கவில்லை. அன்றைக்கே என் கணவர் பெங்களூரைக் கைகழுவிவிட்டார். இந்த ஊர் இனி தேறாது, ஒருநாள் தண்ணீர், கரண்ட், கடை எல்லாம் மொத்தமாக நின்றுபோகும், அதற்குள் எங்காவது தொலைவில் நிலம் வாங்கி யார் தயவும் இல்லாமல் வாழப் பழகிவிட வேண்டும் என்று பேச ஆரம்பித்தார். ஒத்து ஊத அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேருமே லேப்டாப்பைத் தவிர வேறு எதையும் தூக்கிப் பழகாதவர்கள்.

நிலம் வாங்க வேண்டுமென்றால் பெங்களூர் ஜோகுபாளையத்தில் என் அப்பா எனக்கு விட்டுப்போன, நாங்கள் குடியிருக்கும் வீட்டை விற்க வேண்டும். அதில் எனக்குக் கோபம்தான். ஆனால் அதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து நான் இன்சுலின் போட்டுக்கொண்டு உயிர் வாழ்கிறவள். என் உடம்பு அதைத் தானாகச் சுரப்பதில்லை. ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் ஊசி வேண்டும், மருந்து ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும், தீர்ந்தால் மெடிக்கலுக்குப் போய் வாங்க வேண்டும். இல்லையென்றால் சில நாட்களில் நான் இல்லை. இது என் கணவருக்குத் தெரியாதா? ஃப்ரிட்ஜ் கதவில் அவருடைய தயிர் பாக்கெட்டுக்குப் பக்கத்தில்தான் என் மருந்து இருக்கிறது.

அப்படிப்பட்டவர் உலகம் நின்றுபோவதைப் பற்றி வாரக்கணக்கில் பேசினார். விதை பேசினார், ஆடு பேசினார், சோலார் பேசினார். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. கடைகள் மூடிவிடும் என்று அத்தனை நிச்சயமாகச் சொல்கிறவருக்கு, அந்தக் கடைகளில் ஒன்றில்தான் தன் மனைவியின் உயிர் இருக்கிறது என்று தோன்ற வேண்டாமா? நானாகக் கேட்கக் கூடாது என்று வீம்பாக இருந்தேன். இதையெல்லாம் கேட்டா வாங்குவார்கள்?

கொள்ளேகாலுக்கும் அப்பால், மலையடிவாரத் தாலுகா ஒன்றில் நிலம் விலைக்கு வருவதாகத் தெரிந்ததும் மூன்று பேரும் காரில் போனோம். இடம் தேறுமா என்று பார்க்கத்தான் பயணம். இறங்கிய நிமிடத்திலிருந்து நண்பர் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வாத்தியாரைப் போல வாயாலேயே மார்க் போட ஆரம்பித்தார். கிணற்றில் தண்ணீர் இருந்தது, மார்க். மண் சிவப்பாக இருந்தது, அதற்கும் மார்க். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று நிலத்துக்காரர் சொன்னபோது இரண்டு பேர் முகமும் மலர்ந்துவிட்டது.

"சூப்பர்ல? நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஒருத்தனும் இங்க வந்து சேர முடியாது" என்றார் நண்பர்.

இங்கே இருக்கிறவன் வெளியே போகவும் முடியாதே, அது உறைக்காதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதிக்கு மேல் வீடுகள் பூட்டிக் கிடந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று இவர்கள் கேட்கவில்லை. பெங்களூரில் எங்கள் ஆபீஸ் வாசல்களில் செக்யூரிட்டி உடுப்பில் நிற்கிறவர்கள் வேறு எங்கிருந்து வந்தார்களாம்? ஆள் இல்லாத ஊர் என்பதும் நண்பருக்கு ஒரு மார்க். சேஃப்டியாம்.

மத்தியானம் ஒரு சோதனை வைத்தார்கள். கொண்டுவந்த பிஸ்கட், பிரெட் எல்லாம் காரிலேயே இருக்கட்டும், இந்த மண்ணில் கிடைப்பதை விறகடுப்பில் நாமே சமைத்துச் சாப்பிட வேண்டும் என்று விதி. நண்பர் அடுப்பை மூட்டினார். புகை வந்த அளவுக்கு நெருப்பு வரவில்லை. வெகுநேரம் கழித்து, "சாதம் ரெடி, எல்லாரும் வாங்க" என்று அவர் கூப்பிட்டதை நம்பி நான் ஊசியைப் போட்டுக்கொண்டேன். மூடியைத் திறந்தால் அரிசி அரிசியாகவே இருந்தது.

ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். எனக்கு வேர்த்துக் கொட்டியது. எப்போதும் என் பையில் இருக்கும் குளுக்கோஸைப் பிரித்து வாயில் கொட்டிக்கொண்டேன்.

"அண்ணி, அவுட்சைட் ஃபுட்! நீங்க அவுட்டு!" என்று நண்பர் கைதட்டினார்.

என் கணவரும் சிரித்தார். நண்பர் சிரித்தால் அவர் விவரம் தெரியாதவர். இவர் எப்படிச் சிரிக்கலாம்?

நிலத்துக்காரரின் மனைவிதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே கூட்டிப்போனார். தமிழும் கன்னடமுமாகப் பேசுகிறவர். தட்டில் ராகிக் களியும் கீரைக் குழம்பும் வைத்து, "ஸ்வல்ப, கொஞ்சம் சாப்பிடும்மா, அப்பறம் பேசலாம்" என்றார். சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஊசி போட்டுக்கறியா? எங்க யஜமானருக்கும் சக்கரைதான்."

கயிற்றுக் கட்டிலில் காலில் பெரிய கட்டோடு உட்கார்ந்திருந்த நிலத்துக்காரரை அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். காலையிலிருந்து அவரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்ட இரண்டு மேதாவிகளும் அந்தக் கட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எதற்காக விற்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை.

"புண்ணு ஆறவே இல்லம்மா" என்றார் அவர் மனைவி. "டாக்டரப் பாத்துட்டு வர்றதுக்கே ஒரு நாள் போயிடுது. மருந்து ஒரு தடவ இருக்கும், ஒரு தடவ இருக்காது. அதுக்குத்தான் இத வித்துட்டு பெங்களூரு வர்றோம். மர்பி டவுன்ல மகன் ரூம் பாத்திருக்கான். நீ எங்க இருக்கற?"

"அங்க பக்கத்துலதான்."

"மெடிக்கலு கிட்டவா?"

"நடக்கற தூரம்தான்."

அவர் என்னையே பார்த்தார். "அப்போ நீ ஏம்மா இங்க வர்ற?"

அவமானமாக இருந்தது. வாசலில் என் கணவர் கூரையை அண்ணாந்து பார்த்து, எத்தனை சோலார் பேனல் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் தட்டைக் கழுவி வைத்தேன்.

திரும்பும்போது நண்பர் காரை ஓட்டினார். இந்த இடம் பாஸ், அதுவும் முதல் வகுப்பில் பாஸ் என்றார். முன் ஸீட்டில் இருந்த என் கணவர், "எல்லாம் சரிதான். ஒண்ணே ஒண்ணுதான் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு" என்றார்.

சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று இருந்தது. சொல்லியிருந்தால் மத்தியானச் சிரிப்பையும் சேர்த்து அங்கேயே மன்னித்திருப்பேன்.

"என்ன?" என்றேன்.

"டவரே இல்லியே. ஒர்க் ஃப்ரம் ஹோம் எப்படிப் பண்றது?"

"நீங்க போங்க" என்றேன். "நான் வரல. வீட்ட விக்கவும் கையெழுத்துப் போட மாட்டேன்."

நண்பர் காரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். என் கணவர் ஸீட்டில் முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நடிப்பில்லை, நிஜமாகவே புரியாத முகம்.

"ஏன்? உனக்கு அங்க என்ன பிரச்சினை?" என்று கேட்டார்.