பன்வில ஏற்றமும் ஜெஸீமாவின் கெப்பும்

கட்டுகஸ்தோட்டையில் கதிரையும் கூடாரமும் வாடகைக்குக் கொடுக்கிற ஜெஸீமாவுக்கு நாற்பத்தேழு வயது. முந்நூறு பிளாஸ்டிக் கதிரை, ஆறு கூடாரம், இருபத்தைந்து வருடம் ஓடிய, பின்னால் சாமான் ஏற்றுகிற ஒரு டீசல் கெப், இவ்வளவுதான் அவளுடைய தொழில். கலியாண வீடு, சாவு விழுந்த மையத்து வீடு, பௌத்தர்கள் பிரித் ஓதும் வீடு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் அதே கதிரைதான் போகும். வெள்ளை உறை போட்டால் கலியாணம், போடாவிட்டால் மற்றது.

ஆறு வருடத்துக்கு முன்வரை கெப்பை ஓட்டியவர் அவளுடைய கணவர் லாபிர். சீனி வருத்தம் கண்ணில் இறங்கிப் பார்வை மங்கியதும் சாவி ஜெஸீமாவின் கைக்கு வந்தது. இப்போது அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, திரும்பி வந்த கதிரைகளின் கால்களை விரலால் தடவிப் பார்ப்பார். கண் உள்ளவர்கள் தவறவிடுகிற வெடிப்பை அவர் விரல் பிடித்துவிடும்.

வண்டி சமதரையில் பிழையில்லை. மலைதான் தகராறு. வத்தேகம தாண்டிப் பன்வில ஏற்றம் தொடங்கியதும் இரண்டாவது கியரில் திணறும், முதல் கியருக்கு இறக்கினால் நடக்கிறவர்கள் முந்திப் போவார்கள். பின்னால் வருகிற பஸ்காரன் ஹோர்னில் கையை வைத்தால் எடுக்கவே மாட்டான். சென்ற வருடம் பன்வில தேயிலைத் தோட்டத்துக் கோயிலின் தேர்த் திருவிழாவுக்கு இவள் கதிரைகளோடு போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. தோட்டத்து மாதர் சங்கத் தலைவி கமலம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒங்க கெப்பு வர்றதுக்குள்ள எங்க சாமி தேர்ல லயத்தையெல்லாம் சுத்திட்டு வந்து தூங்கிருச்சு அக்கா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இந்த வருடம் தொலைபேசியில் சிரிக்கவில்லை. "தேரன்னிக்கு காலையில எட்டு மணிக்குள்ள கதிர வந்திரணும். வரலன்னா வத்தேகமயில ஒரு ஆளு இருக்காரு, அவருகிட்டயே இனி எல்லாத்தையும் குடுத்துருவோம்."

மலை வேலை போனால் பாதித் தொழில் போன மாதிரி. ஊருக்குள் கூடாரக்காரர்கள் அதிகம். லாபிருக்கு இதில் ஒரே யோசனைதான்.

"எஞ்சின் கெழடாகிட்டு ஜெஸீ. வித்துப்போடுவம். ஊருக்குள்ள ஓடுறதுக்கு ஒரு த்ரீவீல் போதும்."

ஜெஸீமாவுக்கு விற்க மனமில்லை. மலை ஏறி இறங்குகிற அந்தச் சில மணி நேரம் அவளை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை என்பதும் ஒரு காரணம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வைத்தியம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? சைலன்சர் குழாயை அகலமாக்கினால் எஞ்சின் நன்றாக மூச்சு விடும் என்றார் ஒருவர். அகலமாக்கினாள். சத்தம் வந்தது, ஏற்றம் வரவில்லை. காற்று ஃபில்டரைக் கழற்றி, கூம்பு மாதிரி ஒன்றைப் பூட்டச் சொன்னார் இன்னொருவர். அதுவும் நடந்தது. மூன்றாவது ஆள் டீசல் பம்பின் ஸ்குரூவை அரைச் சுற்று கூட்டிவிட்டார். அன்றைக்குக் கறுப்புப் புகை கிளம்பி, பின்னால் அடுக்கியிருந்த நூறு வெள்ளை உறையும் சாம்பல் நிறமானது. இரண்டு நாள் துவைத்தாள். புகைப் பரிசோதனைக்கு முன் ஸ்குரூவைப் பழையபடி வைக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு வைத்தியத்தையும் லாபிர் பொறுமையாகக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை, "செஞ்சு பாரு" என்றார்.

கடைசியில் டர்போ பூட்டலாமா என்று கேட்கத்தான் நிரோஷனின் கராஜுக்குப் போனாள். நிரோஷன் பன்விலப் பையன், முப்பது வயது, அவசரப்பட்டுப் பேச மாட்டான். போனெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னான்:

"டர்போ பூட்டலாம் அக்கா, பூட்டுனா ஒங்க கெழட்டு எஞ்சின் தாங்குமான்னுதான் தெரியல. மொதல்ல ஏறி உக்காந்து எக்ஸலேட்டர முழுசா அமுக்குங்க."

அமுக்கினாள்.

"முழுசா."

"முழுசாத்தான் தம்பி. இதுக்கு மேல அமுக்கினா கால் கீழ ரோட்டுக்கு வந்துடும்."

"இங்க பம்பு லீவரு இன்னும் ஒரு விரல் போகணுமே. போகலயே."

அவன் வந்து குனிந்து, பெடலுக்குக் கீழிருந்த இறப்பர் விரிப்பைத் தூக்கினான். தரையில் ஒரு போல்ட் நிமிர்ந்து நின்றது. பெடல் அதில் முட்டி நின்றுகொண்டிருந்தது.

"இது கம்பனி வச்சது இல்ல. யாரோ வெல்டிங் பண்ணிருக்காங்க. இவ்வளவு நாளா நீங்க முக்கால் எஞ்சினத்தான் ஓட்டியிருக்கீங்க."

போல்ட்டில் பச்சை பெயின்ட் அடித்திருந்தது. துரு பிடிக்காமலிருக்க, கவனமாக, இரண்டு பூச்சு. வீட்டு வாசல் கேற்றுக்கு அடித்த பச்சை. அதை வாங்கியவரும் அடித்தவரும் யாரென்று ஜெஸீமாவுக்குத் தெரியும்.

"வெட்டிடு தம்பி," என்றாள்.

வீட்டுக்கு வந்தவுடனே கேட்கவில்லை. கோப்பையில் சோறு போட்டாள். மீன் கறியில் முள் எடுத்து வைத்தாள். அவர் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு கேட்டாள்.

"பெடலுக்குக் கீழ அது நீங்க வச்சதா?"

லாபிரின் கை கோப்பையில் நின்றது.

"நான்தான் வச்ச. சாவி தந்த கெழமை."

"என்னத்துக்கு?"

"நான் ஓட்டின வேகத்துல நீயும் ஓட்டிடுவாயோண்டு பயம். பன்வில வளைவுல நான் ரெண்டு தரம் தப்பின. ஒனக்குச் சொல்லல்ல."

"சரி. பயம். குழாய் மாத்தினன், ஃபில்டர் மாத்தினன், ரெண்டு நாள் உறை துவைச்சன். அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"அப்ப சொல்ல வெக்கமாப் போச்சு. வித்துட்டா ஒருத்தருக்கும் தெரியாமப் போயிடும்ண்டு நெனச்ச."

ஜெஸீமாவுக்குக் கோபம்தான். ஆறு வருடமாகத் தனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று பாதி நம்பியிருந்தாள். அந்தக் கணக்கை யாரிடம் கேட்பது? ஆனால் எதிரே இருப்பவர் பயத்தைத் தவிர வேறெதையும் இப்போது ஓட்ட முடியாத மனிதர் என்பதும் தெரிந்தது. அவருடைய கோப்பையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"ஞாயித்துக்கிழம பன்விலத் தேருக்கு என்னோட வாங்க. பக்கத்துல உக்காந்து பயப்படுங்க. வீட்டுல உக்காந்து பயப்பட்டா எஞ்சினுக்குத்தான் கேடு."

"பிரேக் பாத்தாயா?" என்றார் லாபிர். "ஏத்தம் லேசானா எறக்கம் கஷ்டம்."

அது நியாயமான கேள்வி. சனிக்கிழமை நிரோஷனிடம் போய்ப் பிரேக் கட்டைகளை மாற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியப் புறப்பட்டார்கள். நூற்றைம்பது கதிரை, இரண்டு கூடாரம். ஏற்றத்தில் வண்டி இரண்டாவது கியரிலேயே இழுத்தது. பெடலில் இன்னும் இடம் இருப்பதைக் கால் உணர்ந்தது, அதற்காக முழுவதையும் அமுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. வளைவுகளில் மட்டும் பக்கத்தில் லாபிரின் வலது கால் வெறும் தரையை அழுத்தியது. ஜெஸீமா பார்த்தும் பார்க்காத மாதிரி ஓட்டினாள்.

ஏழு மணிக்குக் கோயில் முற்றத்தில் நின்றார்கள். கமலம் விளக்குமாற்றோடு ஓடி வந்தாள்.

"என்னாக்கா, இன்னும் கூட்டியே முடிக்கல, அதுக்குள்ள வந்து நிக்கிறீங்க! இப்ப கதிரய எங்க எறக்குறது?"

"கூட்டுங்க, கூட்டுங்க. நாங்க இருக்கிறம்."

இரண்டு கதிரைகளை மட்டும் இறக்கி ஓரமாகப் போட்டார்கள். கமலம் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"எவ்வளவு நேரம் எடுத்த?" என்று கேட்டார் லாபிர்.

"ஒரு மணித்தியாலம்."

"நான் முக்கா மணித்தியாலத்துல வந்து சேர்ற."

"அதுதான் சொல்றன், அந்தப் போல்ட்ட நீங்க ஓட்டின காலத்துல வச்சீக்கணும்."

லாபிர் தேநீரை ஊதினார். கமலம் முற்றத்தின் மேல் பக்கத்தைக் கூட்டி முடித்துவிட்டு அங்கிருந்தே கத்தினாள்: "அக்கா, தை மாசம் எங்க அண்ணன் மகளுக்குக் கலியாணம். இருநூறு கதிர, வெள்ள உற போட்டு. எழுதி வச்சுக்கோங்க!"

ஜெஸீமா எழுந்து, மீதிக் கதிரைகளை இறக்க, கெப்பின் பின்கதவைத் திறந்தாள்.