எண்பத்தெட்டுக் கட்டைகள்

எங்கள் சபைக்கு மேடைக் கீபோர்டு வாங்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தபோது நான் கேட்டிருக்க வேண்டியது ஒருவரிடம்தான். அவரை விட்டுவிட்டு மற்ற எல்லாரிடமும் கேட்டேன்.

சபை திருவெறும்பூரில், தொழிற்சாலைக் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிறது. தகரக் கூரை போட்ட கூடம். ஆராதனைக் குழுவில் நான் கிதார். கீபோர்டு வாசித்தவர் அங்கன்வாடியில் வேலை பார்த்த ஓர் அக்கா. பாஸ்டர் வீட்டு ஹாலில் இருபது பேராகக் கூடி ஜெபித்த காலத்திலிருந்து அவர்தான் வாசித்தார். யாரிடமும் பாடம் படித்ததில்லை. கேட்டுக் கேட்டே பழகிய கை.

அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஸ்கேல், அதாவது ஒரே சுருதிக்கான கட்டை வரிசை. அது போதுமானதாக இருந்தது. பாஸ்டர் எந்தச் சுருதியில் பாட்டை எடுப்பார் என்று பாஸ்டருக்கே தெரியாது. அக்கா தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பார். இடது கை டிரான்ஸ்போஸ் பட்டனுக்குப் போகும். அதைத் தட்டினால், அதே கட்டைகளை வாசித்தாலும் சுருதி ஏறும், இறங்கும். இரண்டு மூன்று தட்டுதான். முதல் வரி முடிவதற்குள் பாஸ்டரின் குரலோடு போய்ச் சேர்ந்துவிடுவார். நான் அப்போதும் கிதாரின் கழுத்தில் கேப்போ என்ற கவ்வியை நகர்த்தி மாட்டிக்கொண்டிருப்பேன். கேப்போவும் அதே வேலையைத்தான் செய்கிறது என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

ஒருமுறை கன்வென்ஷன் கூட்டத்துக்கு வெளியூர்க் குழு ஒன்று வந்தது. அவர்களுடைய கீபோர்டு கலைஞர் அக்கா வாசிப்பதைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து, "பட்டன் பிளேயரா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவரிடம் இருந்தது எண்பத்தெட்டுக் கட்டைகள் கொண்ட கருவி. பியானோவைப் போலவே கனமாக அழுந்தும் கட்டைகள். அந்த நாதம் என்னை விட்டுப் போகவே இல்லை.

எங்கள் பழைய கீபோர்டில் நடுவில் இரண்டு கட்டைகள் அமுங்கியபடி நின்றுவிட ஆரம்பித்ததும், புதிது வாங்கலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. தேர்வு என் பொறுப்பு. செய்தி தெரிந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்கா என்னிடம் வந்தார்.

"கடைக்கு நானும் வரட்டுமா தம்பி?"

"உங்களுக்கு எதுக்குக்கா வீண் அலைச்சல்? நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மரியாதையாகத்தான் சொன்னேன். ஆனால் கடையில் எல்லார் முன்னாலும் அவர் உட்கார்ந்து டிரான்ஸ்போஸ் பட்டனைத் தேடுவார் என்ற கூச்சம்தான் உண்மையான காரணம். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அவருக்குப் பதிலாக, என்னோடு வேலை பார்க்கும் ஸ்ரீரங்கத்து நண்பரை அழைத்துப் போனேன். சிறுவயதிலேயே முறையாகப் பியானோ கற்றவர். திருச்சியில் ஓர் இசைக்கருவிக் கடையில் நாலைந்து கருவிகளை வாசித்துக் காட்டினார். கட்டைகள் லேசாக இருந்த ஒன்று, தாளங்கள் உள்ளே பதிந்த ஒன்று, பிறகு நான் மனதுக்குள் ஏற்கெனவே வாங்கிவிட்ட அந்த எண்பத்தெட்டு. அதை வாசித்து முடித்ததும் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நாதம் பிரமாதமா இருக்கு. ஆனா உங்க சபையில வாசிக்கப்போறது யாரு? அவாளை ஒருதரம் அழைச்சுண்டு வந்து கை வைக்கச் சொல்லுங்கோளேன்."

வாசிக்கும் அக்கா பழகிக்கொள்வார் என்று நான் பதில் சொன்னேன். பழைய கீபோர்டையும் அங்கேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன்.

புதிய கருவிக்காகப் பாஸ்டர் ஜெபித்தார். அக்கா உட்கார்ந்தார். பாஸ்டர் பாட்டை எடுத்தார். அக்காவின் இடது கை வழக்கமான இடத்துக்குப் போனது. அங்கே பட்டன் இல்லை. சுருதி மாற்றும் வசதி மெனுவுக்குள் எங்கோ இருந்தது. சின்னத் திரையில் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பல்லவி முடிந்தது, சரணமும் முடிந்தது. கடைசியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பாட மட்டும் செய்தார்.

அன்று நான் அவருக்கு உதவவில்லை. "இதுதான்க்கா சந்தர்ப்பம், எல்லா ஸ்கேலும் கத்துக்கங்க" என்றேன். ஐம்பது வயதைத் தாண்டியவரிடம், இத்தனை வருடம் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வாசித்தவரிடம், அப்படிச் சொன்னேன். அதற்குப் பிறகு சனிக்கிழமை மதியங்களில் தனியாகக் கூடத்துக்கு வந்து அவர் பழகிப் பார்த்தார் என்பதைப் பாஸ்டரின் மனைவி சொல்லித்தான் பின்னால் தெரிந்துகொண்டேன். கனமான கட்டைகளை அழுத்தி விரல் மூட்டுகள் வீங்கி, வெந்நீரில் கை வைத்துக்கொள்வாராம். ஐந்தாவது ஞாயிறு அவர் மேடை ஏறவில்லை. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். கை வலி என்றார். உடம்பைப் பாத்துக்கங்க என்றேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

திருச்சியில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி ஒன்றரை வருடம் வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள். படிப்பு முடிந்ததும் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டாள். கீபோர்டு துணி போர்த்தியபடி மேடையில் கிடந்தது.

விற்றுவிடலாமா என்று கேட்பதற்காக ஸ்ரீரங்கத்து நண்பரை ஒரு மதியம் கூடத்துக்கு அழைத்து வந்தேன். பேச்சோடு பேச்சாக அக்காவின் கதையைச் சொன்னேன். அவர் திரையில் எதையோ தேடினார். முன்பக்கம் சும்மா இருந்த இரண்டு பட்டன்களில் சுருதி ஏற்றுவதையும் இறக்குவதையும் பதித்தார். கட்டைகளை லேசாகத் தொட்டாலும் சத்தம் வரும்படி இன்னொன்றையும் மாற்றினார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கருவியோடு வந்த கையேட்டில் அத்தனையும் இருந்தது. நான் அதைப் பிரித்ததே இல்லை.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் வந்தார். நான் ஒரு பாட்டை எடுத்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார், இரண்டு தட்டுத் தட்டினார், பிடித்துவிட்டார். பாட்டு முழுவதையும் வாசித்தார். முடிந்ததும் கையைத் தேய்த்துக்கொண்டே, "சத்தம் நல்லா இருக்கு தம்பி. இதை அப்பவே செஞ்சு குடுத்திருக்கலாம்" என்றார். குரலில் கோபம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வாங்கக்கா என்று கூப்பிட்டேன். அவர் துணியை எடுத்துக் கட்டைகளின் மேல் போர்த்தினார்.

"வேணாம் தம்பி. ஜனங்களோட உக்காந்து பாடப் பழகிட்டேன். இனிமே மேல ஏறி உக்காந்தா தப்பு பண்ணிடுவோமோன்னு பயமா இருக்கும். முன்னெல்லாம் அந்தப் பயம் எனக்கு இருந்ததே இல்ல."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் மகளின் பரீட்சையைப் பற்றி விசாரித்தார். நான் அதற்குப் பதில் சொன்னேன். போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார். பின்னாலேயே போயிருக்கலாம். போகவில்லை.