வீதிப் பக்கம் பார்த்த குவிமாடம்

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. அளவு எடுத்தால் லேசர் மீட்டரின் திரையைக் கைபேசியில் படம் பிடித்து வைப்பது என் தொழில் பழக்கம். ஆகவே நேரமும் அளவும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் காட்டுகிறேன். மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அது எந்த நிர்வாக சபையிலும் பதவி வகித்ததில்லை.

என் பெயர் ரிஃபாஸ். ஊர் இலங்கையில் புத்தளம். மெல்பேர்ன் வந்து பதினொரு வருடம். படித்தது கட்டடக் கலை. பிளான் கீறுவது கராஜுக்கும் பின்வளவு அறைகளுக்கும். மனைவி நிஹ்லா, ஆறு வயதில் ஒரு மகள் ஷம்லா. பேய் என்று ஒன்று இல்லை, ஜின்தான் உண்டு என்பார்கள் எங்கள் ஆட்கள். நான் கண்டது, அதாவது காணாதது, இந்த இரண்டில் எதுவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நடந்தது போன ஜூனில், மெல்பேர்ன் புறநகர் கிரெய்கிபர்னில். நடுச்சாமத்தை எதிர்பார்க்காதீர்கள். மெல்பேர்ன் குளிர்காலத்தில் பின்னேரம் ஐந்து பத்துக்கே சூரியன் கடையைச் சாத்திவிடும்.

எங்கள் ஜமாஅத் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பழைய வெயார்ஹவுஸை வாங்கிப் பள்ளிவாசலாக மாற்றிக்கொண்டிருந்தது. தலைவர் ஹமீது ஹாஜியார். ஆறடி உயரம். நான் அளந்ததில்லை, அவரே சொல்வார். "ஆறடி மனுசன் தம்பி நான், என்னக் குனிய வைக்காதீங்க" என்று கதவு நிலைகளை மட்டும் மூன்று தடவை மாற்றிக் கீற வைத்தார். உம்ராவுக்குப் போனவர் திரும்பும் வழியில் கெய்ரோவில் மூன்று நாள் தங்கினார். நானூறு படங்களோடும் முழுச் சரித்திரத்தோடும் வந்து இறங்கினார்.

"தம்பி, கெய்ரோ எப்பிடி உண்டான தெரியுமா? ஒரு தளபதி வெறும் காணியில மதில் கட்டினாரு. உள்ளுக்கு ஒரு அரண்மனை, ஒரு பள்ளி. பொறகு வந்த சுல்தான்மாரெல்லாம் பெரிய தெருவுல ஆளுக்கொண்டு கட்டினாங்க. அப்பிடியே தலைநகரமாப் பெருத்துப் போச்சு. கிரெய்கிபர்னும் அப்பிடித்தான். நேத்து மாடு மேஞ்ச இடம். இண்டைக்கு எத்தின கூரை!"

"ஓம் ஹாஜியார். ஆனா சுல்தான்மாருக்கு கவுன்சில் பெர்மிட் தேவைப்படல்ல."

அவர் சிரிக்கவில்லை. சரித்திரம் படைப்பவர்கள் சிரிப்பதில்லை. கைபேசியில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். நெரிசலான தெரு. தெருவை முட்டிக்கொண்டு செதுக்குவேலைக் கல் குவிமாடம். அதற்குக் கீழே ஒரு சதுர அறை. அறைக்குத் தாழ்வாக ஒரு கம்பி ஜன்னல், தெருவைப் பார்த்தபடி.

"இதுதான் வேணும். வீதிப் பக்கம். ட்ரக்ல போறவனும் பார்க்கணும். அந்த அறை தலைவருக்கு. ஜன்னலுக்கு மேல மார்பிள்ல, பள்ளியக் கட்டினவர் எண்டு என்ட பேர்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

படித்தவனுக்குத் தெரியும். அந்தத் தெருவில் அந்த மாதிரிக் குவிமாடம் தொழும் இடத்துக்கு மேலே இருப்பதில்லை. கட்டியவரின் கபுருக்கு மேலே இருக்கும். சுல்தான் பள்ளிவாசல் கட்டுவார், மதரஸா கட்டுவார், தெருவைப் பார்த்த நல்ல மூலையைத் தன் பிணத்துக்கு ஒதுக்கிக்கொள்வார். தாழ்வான ஜன்னல், தெருவில் போகிறவர்கள் நின்று அவருக்காக ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டுப் போக. ஒரு சுல்தானின் கதை இன்னும் வேடிக்கை. ஊரிலேயே பெரிய குவிமாடத்தைக் கட்டினார். கொலையுண்டார். உடல் கிடைக்கவேயில்லை. அறையைச் சும்மா விடலாமா? அவருடைய பிள்ளைகளைக் கொண்டுவந்து அடக்கினார்கள்.

ஹாஜியாரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இரவு சாப்பிடும்போது நிஹ்லாவிடம் சொன்னேன். "ஹாஜியார் தன்ட கபுரைத் தானே ஓடர் பண்ணியிருக்காரு."

"சொன்னீங்களா அவருக்கிட்ட?"

"சொன்னா என்ட பகிடி என்னாகும்?"

"இதெல்லாம் பகிடி இல்ல. நாளைக்கே சொல்லுங்க."

"சொல்றன், சொல்றன்."

அச்சு அசலாகக் கீறிக் கொடுத்தேன். அறை நான்கு மீட்டர் இருபது, சதுரம். சுல்தான்கள் கல்லில் கட்டினார்கள். எங்கள் குவிமாடம் ஃபைபர் கிளாஸ். நான்கு துண்டாக ட்ரக்கில் வந்து இறங்கியது. அதைப் பொருத்தியவன் அலன், மன்னார்க் கத்தோலிக்கன், என் கூட்டாளி. "உங்கட ஆக்களுக்குத் தொப்பி பெருசு மச்சான்" என்றான்.

ஜூன் 12, வியாழன். அலன் ஐந்து மணிக்குப் போய்விட்டான். கார்பெட்டுக்கு அளவு எடுக்க நான் மட்டும் அந்த அறையில். ஜன்னலுக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை, கம்பி மட்டும்.

5.12. சுவரோரமாகத் தரையில் வைத்து அடித்தேன். பீப். 4.20. சரி.

அடுத்த சுவருக்குப் போனேன். முழங்கால் உயரத்தில் பிடித்தேன். பீப்.

1.80.

கையை மறைத்துவிட்டேனோ என்று பார்த்தேன். இல்லை. மறுபடியும் அடித்தேன். 1.80. எதிர்ச் சுவரிலிருந்து அடித்தேன். அதே 1.80. லேசரின் சிவப்புப் புள்ளி சுவருக்குப் போய்ச் சேரவில்லை. அறையின் நடுவில்... வெறும் காற்றில் நின்றது.

பட்டரி மாற்றினேன். படித்தவன் முதலில் பட்டரியைத்தான் மாற்றுவான்.

5.21. மற்ற இரண்டு சுவர்களுக்கும் நடுவே அடித்தேன். 1.19. எதிர்ப் பக்கமிருந்தும் 1.19. நெஞ்சு உயரத்தில் பிடித்தால் 4.20. கீழே இறக்கினால் 1.19. தொழில் புத்தி விடவில்லை. குறிப்புப் புத்தகத்தில் கணக்குப் போட்டுக் கீறினேன். நடுவில் ஏதோ இருக்கிறது. அகலம் அறுபது சென்டிமீட்டர். நீளம் ஒரு மீட்டர் எண்பத்திரண்டு. கிப்லாவுக்கு, தொழும் திசைக்கு, குறுக்காக. எங்கள் மையித்துகளைக் கபுரில் கிடத்துகிற அதே வாக்கில்.

பென்சிலை வைத்துவிட்டேன்.

5.34. வெளியே சரளைக் கல்லில் காலடி. சரக்... சரக்...

அது ட்ரக் வீதி. நடைபாதை கிடையாது. அங்கே யாரும் நடப்பதில்லை.

காலடி ஜன்னலடியில் நின்றது. தெருவிளக்கின் வெளிச்சம் கம்பி வழியாகத் தரையில் விழுந்திருந்தது. அதில் ஒரு தலை நிழல். இரண்டு கைகள் உயர்ந்தன.

முணுமுணுப்பு. தெரிந்த ஓசை. சின்ன வயதிலிருந்து தெரிந்தது...

ஃபாத்திஹா.

"ஆமீன்."

நிழல் போனது. இன்னொன்று வந்தது. பிறகு இன்னொன்று. வரிசையாக...

எட்டிப் பார்த்தேன்.

வீதியில் யாரும் இல்லை.

நிழல் மட்டும் என் காலடியில் இருந்தது.

ஓடினேன்.

6.05க்கு ஹாஜியார் வீட்டுக் கதவைத் தட்டினேன். தேத்தண்ணி வந்தது. நான் தொடவில்லை. குவிமாடம் என்ன, அறை யாருக்கு, மீட்டர் என்ன காட்டியது, ஏன் சொல்லாமல் விட்டேன், எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒன்றை மட்டும்தான் கேட்டார்.

"எவ்வளவு நீளம் எண்டீங்க?"

"ஒண்டு எண்பத்திரண்டு."

விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "ஆறடி" என்றார். அந்தச் சொல்லை அவர் பெருமையில்லாமல் சொல்லி முதல் தடவையாகக் கேட்டேன்.

"தலைவர் அறைய வேற பக்கம் மாத்துவம் ஹாஜியார். பேர்க் கல்லையும் நிப்பாட்டுங்க."

"நான் பாத்துக்கிறன் தம்பி. நீங்க பயப்படாதீங்க."

ஜூன் 22, ஞாயிறு, திறப்பு விழா. எம்பியின் ஆள், கவுன்சிலர், எல்லாரும் வந்திருந்தார்கள். ஹாஜியார் ஜன்னலுக்கு மேலிருந்த பச்சைத் திரையை இழுத்தார். பளபளவென்று மார்பிள்.

இந்தப் பள்ளியைக் கட்டியவர்: புத்தளம் ரிஃபாஸ்.

"பேரும் புகழும் எனக்கெதுக்கு? கீறினது தம்பி, கஷ்டப்பட்டதும் தம்பி" என்றார் ஹாஜியார் மைக்கில். தக்பீர் முழங்கியது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று பெரியவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். மூன்று வருடம் தன் பெயருக்காகச் சண்டை பிடித்தவர், பத்தே நாளில் வலியுல்லா, பெரிய மகான், ஆகிவிட்டார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஒரு நிமிடம் நான் சந்தோஷப்பட்டேன். பதினொரு வருடம் கராஜ் கீறியவன். கல்லில் பெயர். கல்லோடு நின்று படம்கூட எடுத்துக்கொண்டேன்.

பிறகுதான் உறைத்தது.

சனம் கலைந்ததும் காரிலிருந்து மீட்டரை எடுத்து வந்தேன். 5.31. முழங்கால் உயரம். பீப்.

1.26. மறு பக்கமும் 1.26.

இரண்டையும் நான்கு இருபதிலிருந்து கழித்தேன். ஒரு மீட்டர் அறுபத்தெட்டு.

என் உயரம்.

கல்லைக் கழற்றச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன். ஹாஜியார் கூட்டம் போட்டார். ஒருமனதான தீர்மானத்தை மாற்ற சபையின் யாப்பு விதிகளில் இடமில்லை என்று பதில் வந்தது. செயலாளர் கையொப்பமும் முத்திரையும் இருந்தன.

ஓகஸ்டில் வீட்டைக் காலி பண்ணினோம். சிட்னி, மேய்ஸ் ஹில்லில் ஒரு யூனிட். அங்கே நல்ல வேலை கிடைத்தது என்று நிஹ்லாவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், பெட்டியைக் கட்டினாள். மீட்டரை அலனிடம் விட்டேன். அந்த மெஷினைத் தொடவே எனக்குப் பிடிக்கவில்லை. காரணத்தை அவனுக்குச் சொல்லவில்லை.

நாட்கள் போயின. நன்றாகத் தூங்கினேன். எண்ணூறு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிறோம், என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். உடல் கிடைக்காத அந்தச் சுல்தானை நான் நினைக்கவில்லை.

போன வியாழன், 4.50. அலன் அழைத்தான்.

"மச்சான், உன்ர மெஷின் பழுதாப் போச்சு."

"ஏன்?"

"அந்த ஜன்னல் அறை பூட்டியே கிடந்தது. இப்பதான் கார்பெட் போடச் சொல்லியிருக்கினம். நாலு இருபது எண்டு நீதானே எழுதி வச்சனி? இது ஒண்டு ஐம்பத்திரண்டு காட்டுது."



"எந்த உயரத்தில பிடிச்சனி?"

"முழங்காலடியில. ஏன்ரா?"

"எதிர்ப் பக்கத்திலயிருந்து அடி."

போனுக்குள் பீப்.

"அதே ஒண்டு ஐம்பத்திரண்டு. பழுதுதான்."

நான்கு இருபது. ஒன்று ஐம்பத்திரண்டைக் கழித்தேன். இன்னொரு தடவை கழித்தேன்.

ஒரு மீட்டர் பதினாறு.

நான் நின்றது குசினி வாசலில். கதவு நிலையில் பென்சில் கோடு. போன ஞாயிறு பள்ளிக்கூடச் சட்டை வாங்க நிஹ்லா அளந்து கீறியது. பக்கத்தில் அவள் எழுத்து.

ஷம்லா. 1.16.

உள்ளே மகள் கார்ட்டூன் பார்த்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது...

"மச்சான்? இருக்கிறியா?"

"அறைய விட்டுப் போகாத. அஞ்சு நிமிசம். போனையும் வைக்காத."

மடிக்கணினியைத் திறந்தேன். சிட்னியிலிருந்து மெல்பேர்ன். மறுநாள் காலை 6.00. ஒரு ஆள். திரும்பி வரும் தேதி கேட்டது. 'ஒரு வழி' என்பதை அழுத்தினேன். 4.58க்கு உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்தது.

"அலன். இப்ப அடி."

"விசரா உனக்கு? அதே இடத்திலயோ?"

"அதே இடத்தில."

பீப்.



"என்ன காட்டுது?"

"மாறிட்டுது மச்சான்... ஒண்டு இருபத்தாறு."

"மறு பக்கம்?"

பீப்.

"ஒண்டு இருபத்தாறு."

கழித்துப் பார்த்தேன்: ஒரு மீட்டர் அறுபத்தெட்டு, என் உயரம்.

அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.