பிள்ளையாரைச் சுற்றிய லாரி

என் மச்சினனின் லாரியில் நான் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. கிழமை எனக்குத் தவறாது. வெள்ளிக்கிழமைகளில் பூஜை முடியாமல் ரைஸ்மில்லில் லோடு ஏற்ற மாட்டார்கள். அதனால்தான் வண்டி காலியாக நின்றது. மாதம் தை என்கிறாள் என் மனைவி. மாசி என்பது என் கட்சி. மண்ணச்சநல்லூர் வயல்களில் அறுப்பு முடிந்து தாள் மட்டும் நின்றது நினைவிருக்கிறது. அது இரண்டு மாதத்துக்கும் பொருந்தும் என்பதால் இதை இப்படியே விட்டுவிடுகிறேன்.

மச்சினனுக்கு இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்திருந்தது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், அதற்குப் பிறகு மூன்று மாதம் கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று புத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். லாரி அவனுடைய சொந்த வண்டி. மில்லின் அரிசி லோடு முழுவதையும் அவன்தான் அடித்துக்கொண்டிருந்தான். மூன்று மாதம் நிறுத்தினால் அது வேறு வண்டிக்குப் போய்விடும். பிறகு திரும்பி வராது. சம்பளத்துக்கு ஆள் வைக்கவும் அவனுக்கு மனமில்லை. முன்பு வைத்த ஒரு டிரைவர் கிளட்ச் பிளேட்டைத் தீய்த்துவிட்டுச் சொல்லாமல் போயிருந்தார். எனவே அவன் ஒரு முடிவெடுத்தான். நான் ஹெவி லைசென்ஸ் வாங்கும்வரை அவன் கால் அப்படியே கிடக்கும்.

நான் பள்ளி நூலகர் வேலையில் விருப்ப ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் இருப்பவன். கார் ஓட்டத் தெரியும். அது போதும் என்று அக்காவும் தம்பியும் என்னைக் கேட்காமலேயே பேசி முடித்திருந்தார்கள். டிரைவிங் ஸ்கூலில் பெயர் பதிந்து எல்.எல்.ஆர். வாங்கினேன். அங்கே ஒரு லாரிக்கு அரை டஜன் பேர்; என் முறை வருவதற்குள் வெயில் ஏறி வகுப்பு முடிந்துவிடும். உண்மையான பாடமெல்லாம் மச்சினனிடம்தான், மில்லுக்குப் பின்னால் இருந்த பொட்டலில்.

காரில் கியர் மாற்றுவது ஒரு வேலை என்றால் அந்தப் பழைய லாரியில் அது ஒரு பேச்சுவார்த்தை. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வர வேண்டும். கிளட்சை விட வேண்டும். மறுபடி மிதித்து அடுத்த கியருக்குத் தள்ள வேண்டும். கியர் குறைப்பதாக இருந்தால் நடுவில் ஆக்சிலேட்டரையும் ஒரு தொடு தொட வேண்டும். தொடுவது கூடினாலும் குறைந்தாலும் அடியிலிருந்து கர்ரென்று ஒரு சத்தம் வந்து முழங்கை வரை அதிரும்.

"மாமா, அது இரும்பு. கெஞ்சுனா வராது."

"நான் எங்க மாப்ள கெஞ்சுறேன்?"

"புஸ்தகம் பொரட்டுற மாதிரி புடிச்சிருக்கீங்க. நாலு வெரலும் சேத்துப் புடிங்க. ம், இப்ப ரேஸ் குடுங்க. குடுக்கச் சொன்னா மிதிச்சு நிக்கிறீங்க."

வண்டி ஆஃப் ஆகிவிட்டது. காலி வண்டியை இரண்டாவது கியரில்தான் எடுக்க வேண்டுமாம். முதல் கியர் லோடுக்காம். இதை அவன் எனக்குச் சொன்னது ஒரு வாரம் கழித்து. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டால், "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான மாமா" என்றான்.

நான் விஷயத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளும் பழக்கம் உள்ளவன். கியர்ப் பெட்டிக்குள் என்ன நடக்கிறதென்று படம் போட்ட புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் படித்தேன். எந்தச் சக்கரம் எதனோடு எப்போது சேர்கிறது என்பது இன்று கேட்டாலும் சொல்வேன். கைக்கு அதில் ஒன்றும் போய்ச் சேரவில்லை.

இருந்தாலும் பங்குனிக்குள் ஒரு வழியாகச் சத்தமில்லாமல் கியர் விழத் தொடங்கியது. பொட்டலின் நடுவில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் ஒரு பிள்ளையார். அதைச் சுற்றிச் சுற்றி வருவேன். திருப்பத்தில் நான்கிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு. மச்சினன் கிளீனர் சீட்டில் காலை நீட்டித் தைலம் தேய்த்துக்கொண்டே, "பரவால்ல" என்றான். அதை நம்பி டெஸ்ட்டுக்குப் போனேன். டாக்டரும் இரண்டு வாரம் கழித்து ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நேராகப் போகச் சொன்னார், போனேன். முக்கு வந்தது.

"லெஃப்ட்ல திருப்புங்க."

தலையை இடது கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். தலையோடு இடது கையும் கியர் ராடை விட்டுவிட்டு ஸ்டியரிங்குக்குப் போய்விட்டது. கியர் நியூட்ரலில் நிற்கிறது, வண்டி உருள்கிறது. அவசரமாக ராடைப் பிடித்துத் தள்ளினேன். ஊரே கேட்கும்படி ஒரு சத்தம். லாரி ரோட்டுக்குக் குறுக்கே நின்று ஆஃப் ஆனது. பின்னால் டவுன் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இதுக்கு முன்னாடி லெஃப்ட்ல திரும்புனதே இல்லையா சார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

லாரியில் திரும்பியதை யோசித்துப் பார்த்தேன். "இல்ல சார்" என்றேன்.

"அப்ப வீட்டுக்கு எப்படிப் போவீங்க?"

விஷயம் இதுதான். அத்தனை வாரமும் பிள்ளையாரை மச்சினன் வலமாக மட்டுமே சுற்ற வைத்திருக்கிறான். வலது திருப்பத்தில் என் பக்கத்து ஜன்னலிலேயே எல்லாம் தெரியும். வலது கை ஸ்டியரிங்கை இழுக்கும், இடது கை கியரில் இருக்கும். இடது திருப்பம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே கைக்குத் தெரியாது. ஸ்ரீரங்கத்துக்காரனான எனக்கும் அது உறைக்கவில்லை. சித்திரை வீதியில் காய்கறி வாங்கப் போனாலும் வலமாகச் சுற்றி வீடு வந்து சேர்கிறவன் நான்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் பேச்சு முற்றியது.

"ஒரு நாளாவது எதிர்ப்பக்கம் சுத்தச் சொல்லியிருக்கலாம்ல மாப்ள?"

"சாமிய இடப்பக்கமாவா? எனக்கு ஆபரேஷன் வேற இருக்கு மாமா. வேற வெனையே வேணாம்."

"அந்த ஆபரேஷனுக்குத்தானடா இவ்வளவும்."

"அத அடுத்த மாசம் பாத்துக்கலாம். டாக்டர்ட்ட சொல்லிடறேன்."

என் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "நேத்து மாடிப்படில ஒக்காந்து ஒக்காந்து ஏறுன நீ. அடுத்த மாசமாம். ஏன் தம்பி, திருச்சியில சாமி இல்லாத ஒரு பொட்டல் கெடையாதா?"

தேடினோம். ஒன்றில் முனீஸ்வரன் சூலம், ஒன்றில் புற்று, ஒன்றில் சாமியே இல்லை, ஆனால் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். கடைசியில் பழைய இடத்துக்கே வந்தோம். மச்சினன் சூடம் ஏற்றிவிட்டு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான்.

"நான் ஏற மாட்டேன். நீங்க சுத்துங்க. அது ஒங்க கணக்கு."

"நடுவுல நின்னா ஒன்னையும் சேத்துதான் மாப்ள சுத்துறேன்."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. நான் சாமி பக்கம்."

ஆத்திரத்தோடுதான் வண்டியை எடுத்தேன். காதருகே யாரும் கத்தாமல் நான் அந்த லாரியை ஓட்டியது அதுவே முதல் தடவை. அவன் மரத்தடியிலிருந்து போட்ட சத்தமெல்லாம் இஞ்சின் இரைச்சலில் அமுங்கிவிட்டது. அப்போதுதான் இரைச்சலே மாறி மாறி வருவதைக் கவனித்தேன். அது தணிந்து தணிந்து ஓரிடத்துக்கு வரும்போது தள்ளினால் கியர் தானாக உள்ளே போகிறது. இதைக் கற்றுக்கொள்ள அவன் கீழே இறங்கினால் போதும் என்று முதல் நாளே தெரிந்திருந்தால் எங்கள் இருவருக்கும் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். இடது கையை ஸ்டியரிங்குக்குப் போக விடாமல் ராடிலேயே வைத்து, இருட்டும்வரை இடமாகச் சுற்றினேன். மறுநாளும், அதற்கு மறுநாளும்.

இரண்டாவது டெஸ்ட்டில் அதே இன்ஸ்பெக்டர். இடது பக்கமாகவே மூன்று முறை திருப்பச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். டாக்டரிடம் ஆபரேஷன் தேதியை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலையில் நான் ஆஸ்பத்திரியில் இல்லை. மில்லில் லோடு காத்திருந்தது. மூட்டை ஏற்றி, கொள்ளிடம் பாலம் தாண்டி, குடோனில் வண்டியை நிறுத்திவிட்டு மனைவிக்குப் போன் செய்தேன்.

"நல்லபடியா முடிஞ்சிருச்சு. முழிச்சிட்டான்" என்றாள். "ஏங்க, பாலத்து ஏத்தத்துல எந்த கியர்ல வந்தீங்கன்னு கேக்குறான்."

"நாலு."

அவள் அதை அவனிடம் சொன்னாள். மயக்கம் முழுதாகத் தெளியாத குரல் ஒன்று பின்னாலிருந்து இழுத்து இழுத்து வந்தது. லோடு வண்டிக்கு மூணுதான், இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான, அவர் படிச்ச படிப்பெல்லாம் எதுக்கு என்று அது சொல்லிக்கொண்டே போனது. நர்ஸ் யாரோ பேசக் கூடாது என்றார். அவன் அவரிடமும் சொல்லத் தொடங்கினான்.