வேட்டை என்று எழுதிவிட்டார்கள்

எனக்குச் சந்தேகப் புத்தி என்று வீட்டில் சொல்வார்கள். ராஜபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கருகிப்போன மோட்டாரைத் தூக்கிவந்து, "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு" என்று சத்தியம் செய்கிறவர்களோடுதான் என் பிழைப்பு. சொன்னதையெல்லாம் நம்பியிருந்தால் கடையை என்றைக்கோ மூடியிருப்பேன். அதனால்தான், அண்ணன் கரடியைச் சுட்டுவிட்டார் என்று மதினி போனில் அழுதபோது, ஐயோ என்பதற்கு முன்னால் எனக்கு வேறொரு கேள்வி வந்தது. விடிந்தும் விடியாமலும் துப்பாக்கியோடு இந்த மனுஷன் எதற்குத் தோப்புக்குப் போனார்?

அண்ணன் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர். கூமாப்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவருக்கு மாந்தோப்பு இருக்கிறது. பன்றிகளை விரட்ட லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கியும் இருந்தது. முந்தின நாள் ஊரில் கருப்பசாமி கோயில் கொடைத் திருவிழா. கொடை முடிந்து விடியற்காலையில் வீடு வந்தவர் குளித்துவிட்டு, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போயிருக்கிறார். ராத்திரி பன்றி இறங்கியிருக்குமோ என்று பார்க்கப் போனேன், பலா மரத்தடியில் இருந்த கரடி எழுந்து நின்று பாய்ந்தது, சுட்டேன், விழுந்தது என்றார். வனத்துறைக்குப் போன் செய்ததும் அவரேதான். அவர்கள் வரும்வரை வரப்பில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது அவரை வனத்துறை அலுவலகத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். நான் முதலில் பார்த்தது அவர் உடம்பைத்தான். ஒரு கீறல் இல்லை. சட்டைகூடக் கசங்கவில்லை. நிம்மதிப்படவேண்டிய தம்பி நான், ஆனால் எனக்குக் கேள்விதான் வந்தது. பாய்ந்த கரடி ஒரு பிறாண்டல்கூட வைக்காமலா போகும்?

"இங்க யாரையும் நம்பாதிய. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க," என்று காதோடு சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அதற்குள் வேறொரு இடத்தில் காரியம் கெட்டுப்போயிருந்தது. வீட்டுக்கு விசாரிக்கப் போன ஃபாரஸ்ட் கார்டு, வடக்கு ஜில்லாவிலிருந்து மாற்றலாகி வந்த புதுப்பையன். நேற்றிலிருந்து உங்கள் வீட்டுக்காரர் எங்கெங்கே போனார் என்று மதினியிடம் கேட்டிருக்கிறான். மதினி உள்ளதைச் சொல்லியிருக்கிறார்: "ராத்திரி வேட்டைக்குப் போயிட்டு விடியத்தான் வந்தாக. குளிச்சுட்டுச் செத்த நேரம் உக்காந்திருந்துட்டு, பொறவு துப்பாக்கிய எடுத்துட்டுத் தோப்புக்குப் போனாக."

எங்கள் ஊரில் கொடையன்றைக்குச் சாமி வேட்டைக்குப் போகும். சாமியாடி வல்லயம் என்கிற ஈட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் எல்லை வரை போய் வருவார். பந்தம் பிடித்துக் கூடப் போவது எங்கள் வீட்டு முறை. அதில் எந்த மிருகத்துக்கும் வேலை கிடையாது. சாமி போகும், வரும், அவ்வளவுதான். அந்தப் பையனுக்கு இது தெரியாது. 'இரவு வேட்டைக்குச் சென்று திரும்பி, மீண்டும் துப்பாக்கியுடன் சென்றார்' என்று எழுதி, வாசித்தும் காட்டி, கையெழுத்தும் வாங்கிப்போய்விட்டான். மதினிக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. எனக்கு யாராவது வாசித்துக் காட்டியிருந்தாலும் தெரிந்திருக்காது.

அண்ணனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனபோது, நாங்கள் அமர்த்திய ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் அந்த ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு எங்களுக்குச் சட்டம் சொன்னார். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள மிருகத்தைக் கொன்றால் அது குற்றமே இல்லை. ஆனால், அந்த நேரத்தில் அந்த ஆள் வனச்சட்டத்துக்கு விரோதமான வேறு காரியத்தில் இருந்திருக்கக் கூடாது. வேட்டைக்குப் போன இடத்தில் கரடி பாய்ந்தது, அதனால் சுட்டேன் என்று சொன்னால் செல்லாது.

"செல்லாட்டி?" என்று கேட்டேன்.

"கரடி சட்டத்தோட முதல் பட்டியல்ல இருக்கு. மூணு வருசத்துக்குக் குறையாது," என்றார். பிறகு அண்ணனின் கைகால்களை ஒரு நோட்டம் விட்டு, "லேசா ஒரு கடி கடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார். அவர் மனசறிந்து சொல்லவில்லை, தொழில் அப்படி. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் சில வாரங்கள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். அதன்பின் நான் சந்தேகப்படாத ஆளே இல்லை. பக்கத்துத் தோப்புக்காரர் நாலு வருடமாக எங்கள் தோப்பை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர். அந்தப் பையனுக்கு அவர்தான் ஓதிக்கொடுத்திருப்பார் என்று நினைத்தேன். எல்லாரையும்விட, அன்றைக்கு ஜீப்பில் தோப்புக்கு வந்த வனத்துறை வனவரைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளூர்க்காரர், வயதானவர். அந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்குள் வந்து மதினியிடம் டீ வாங்கிக் குடிப்பார், கண் மட்டும் அடுப்பங்கரை வரைக்கும் போய்வரும். தோப்புக்கும் தனியாகப் போய்ப் பலா மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். "மாமா, முயல் கறியா தேடுறிய?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

இதையெல்லாம் வெளியே சொல்லலாம். சொல்ல முடியாதது ஒன்று இருந்தது. அண்ணனையே நான் நம்பவில்லை. அவர் எதையோ மறைக்கிறார் என்று எனக்குத் திட்டமாகத் தெரிந்தது. பழைய மோட்டாருக்குப் புது பெயிண்ட் அடித்துக் கொண்டுவருகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? சுட்டது வரைக்கும் மளமளவென்று சொல்வார். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டால், வரப்பில் உட்கார்ந்தேன் என்று முடித்துக்கொள்வார். பலா மரத்தடிக்கு அவர் போவதே இல்லை. காய் மரத்திலேயே பழுத்து வெடித்து நாறியது. மதினி சொன்ன வேட்டை சாமி வேட்டைதான். ஆனால் விடிந்தபின் இவர் போனது எந்த வேட்டைக்கு? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே வாய்தாவுக்கு வாய்தா அவரோடு கோர்ட் வராந்தாவில் நின்றேன், வடை வாங்கிக் கொடுத்தேன்.

விசாரணையில் மதினியைக் கூண்டில் ஏற்றினார்கள். அரசு வக்கீல், "வேட்டைக்குப் போனதாக நீங்களே சொல்லியிருக்கிறீர்களே?" என்று பிடித்தார்.

"கொடையன்னைக்கு எங்க ஊர்ல வேட்டைன்னா சாமி வேட்டைதான்யா," என்றார் மதினி. "வேற வேட்டைக்குப் போறவுக பெண்டாட்டிட்டச் சொல்லிட்டா போவாக?"

கோர்ட்டே சிரித்துவிட்டது. அந்தக் கார்டுப் பையனும் குறுக்கு விசாரணையில், இங்கே சாமி வேட்டை என்று ஒன்று இருப்பதே அப்போது தனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொண்டான். அதோடு தலை தப்பியது என்றுதான் நினைத்தேன். அடுத்து அந்த வனவர் ஏறினார்.

அவர் அரசுத் தரப்புச் சாட்சி. ஆனால் எங்கள் வக்கீல் கேட்க, கண்டதைக் கண்டபடி சொன்னார். கரடியின் நெஞ்சு மயிர் வெடிமருந்தில் கருகியிருந்தது. எட்டத்திலிருந்து சுட்டால் அப்படிக் கருகாது. குண்டு முன்பக்கமாகத்தான் ஏறியிருந்தது. பலா மரத்தடியில் அண்ணன் பின்னால் நகர்ந்துபோன காலடித் தடத்தை அன்று காலையிலேயே பார்த்திருந்தார், அதற்குப் பின்னால் முள்வேலி. "அவருக்கு ஓட எடமில்லைங்கய்யா," என்றார். இறங்கிப் போகும்போது என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

விடுதலை என்று தீர்ப்பு வந்தது. மதினி கோர்ட் வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, அவர் தங்கச்சியோடு பஸ்ஸில் போய்விட்டார். நானும் அண்ணனும் பைக்கில் கிளம்பினோம். மகாராஜபுரம் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி ரோட்டோரம் நின்று மலையைப் பார்த்தார்.

"அதுகூட ஒரு குட்டி இருந்துச்சுலே," என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"ஆட்டுக்கெடா எம்புட்டு இருக்கும், அம்புட்டுதான். தாய் விழுந்ததும் மோந்து மோந்து பாத்துச்சு. நான் வரப்புல உக்காந்திருந்ததே அதுக்காகத்தான். பொறவு ஜீப்புச் சத்தம் கேட்டு ஓடைக்குள்ள எறங்கிருச்சு."

"ஏன்ணே சொல்லலை?"

"சொல்லத்தான் இருந்தேன். யாரையும் நம்பாதேன்னு நீ சொன்ன. அந்தன்னைக்கே உங்க மதினி வாக்குமூலத்தையும் வாசிச்சுக் காட்டுனாங்க. வேட்டைய அப்பிடி எழுதுனவன், குட்டின்னு சொன்னா குட்டியப் புடிக்கப் போனேன்னு எழுத எம்புட்டு நேரமாகும்? வாய மூடிக்கிட்டேன்."

ஒன்றரை வருடமாக நான் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது சரிதான், அவர் மறைத்துத்தான் இருந்தார். அது இதுவாக இருக்கும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

"அந்த வயசுல தாயில்லாம தனியாப் பிழைக்குமாலே?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. தெரிந்த ஆள் அந்த வனவர், எங்கள் வீட்டுக்கே வந்து டீ குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.