தோளில் போன புனிதர்

ஸ்ட்ரெத்தம் மேடு ஏறி முடிந்தபோது கோபமும் முடிந்துவிட்டது. ஆனாலும் திரும்பிப் போகும் எண்ணம் வரவில்லை. நோர்பரியில் நான் வேலை செய்த பெற்றோல் ஷெட்டும், அதற்கு மேலே நான் படுத்த அறையும் எனக்குப் பின்னால் இருந்தன. கையில் ஒரு பை. அதற்குள் என் உடுப்பு எல்லாம் அடங்கியிருந்தது.

முதலாளி ஊர்க்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். இரவு ஷிப்ட் முடித்து வெளியே வந்த என்னை, பகல் ஆள் வரவில்லை, நீயே நில் என்றார்.

"ஏலாது அண்ணை. கண் சொருகுது."

"ஏலாட்டி வெளிக்கிடு தம்பி. உன்னைப் போல பத்துப் பேர் வாசல்ல நிக்கிறாங்கள்."

வெளிக்கிட்டேன். குட்மேய்ஸில் என்னோடு படித்தவன் ஒருவன் இருந்தான். அவனுடைய அறையில் படுக்க இடம் கிடைக்கும் என்று தெரியும். பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் ஒரு இடத்தை விட்டுப் போவதென்றால் எனக்கு நடந்து போக வேண்டும். அப்போதுதான் விட்டது போல இருக்கும். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்படித்தான். பிறகு கொழும்பு, கிழக்கு பெர்லின், பாரிஸ் என்று ஒவ்வொன்றாக விட்டு வந்தேன். இதில் பெருமையும் இல்லை, கவலையும் இல்லை. கால் ஓர் இடத்தில் நிற்காத ஆள் நான். எண்பதுகளின் கடைசியில் லண்டனில் என்னைப் போலப் பலர் இருந்தார்கள்.

பிரிக்ஸ்டன் தாண்டி, எலிபன்ட் தாண்டி, பிளாக்பிரையர்ஸ் பாலத்தில் ஆற்றைக் கடந்தேன். அங்கிருந்து வலப்பக்கம் திரும்பினால் லிவர்பூல் ஸ்ட்ரீட், குட்மேய்ஸ் ரயில். ஆனால் நேரே முன்னால் எங்கோ ஒரு பாண்ட் வாத்தியக்காரன் குழலை ஊதிச் சரிபார்க்கும் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை, ஆவணி வெயில், கடைகள் எல்லாம் பூட்டு. அந்தச் சத்தத்தின் பின்னால் போனேன்.

கிளார்க்கன்வெல் பக்கத்தில் ஒரு சரிவான தெரு. செங்கல்லால் கட்டிய சின்ன மாதா கோயில். வாசலில் கோட்டும் சூட்டும் போட்ட கிழவர்கள், கறுப்பு உடுப்புப் பெண்கள், வியர்வையோடு நின்ற பாண்ட்காரர்கள். நடுவில் மரத் தாங்கிகளின் மேல் ஒரு மேடை, அதன் இரண்டு பக்கமும் நீளத் தடிகள். மேடையில் தாடி வைத்த ஒரு புனிதர், கையில் கோலோடு நின்றார். அங்கியை விலக்கித் தொடையிலிருந்த புண்ணைக் காட்டிக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு நாய், வாயில் பாண் ரொட்டித் துண்டோடு.

"வைரவர்" என்று வாய் விட்டுச் சொல்லிவிட்டேன்.

ஊரில் எங்கள் ஒழுங்கையில் வைரவர் கோயில்தான் இருந்தது. நாயோடு நிற்கிற சாமிக்கு முன்னால் காலில் எதுவும் இருக்கக் கூடாது என்று என் கால் பழகியிருந்தது. நான் யோசிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிப் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நடைபாதையில் வெறுங்காலோடு நின்றேன்.

மார்பில் சிவப்புப் பட்டி கட்டிய ஒரு கிழவர் என் காலைப் பார்த்தார். என் தோளையும் பார்த்தார். பிறகு கிட்ட வந்தார். அவருடையதும் உடைந்த ஆங்கிலம், என்னுடையதும் உடைந்த ஆங்கிலம். அதனாலோ என்னவோ அன்று அங்கே பேசியதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சாகவே நினைவில் இருக்கிறது.

"எங்க இருந்து வாறீர்?"

"நோர்பரி."

"அதுக்கு முன்னம்?"

"யாழ்ப்பாணம். சிலோன்."

"ஓ, தேயிலை!"

"எங்கட பக்கம் தேயிலை இல்லை ஐயா. புகையிலை."

"அப்ப இன்னும் நல்லது. நான் தேத்தண்ணி குடிக்கிறேல்லை" என்று சொல்லிச் சுருட்டைக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தோள் எப்பிடி? நோக்காடு ஒண்டும் இல்லையே?"

விஷயம் இதுதான். இத்தாலியில் ஒரு மலைக் கிராமத்திலிருந்து அவருடைய தகப்பனும் தகப்பனின் தம்பியும் மலையேறி, பிரான்ஸ் முழுக்க நடந்து லண்டனுக்கு வந்திருந்தார்கள். நடந்தே வந்தார்கள் என்று சொன்னபோது எனக்கு அந்த இருவர் மேலும் மதிப்பு வந்துவிட்டது. தமையன் கால் களைத்து இந்தத் தெருவில் ஐஸ் விற்க உட்கார்ந்தார். தம்பி கப்பலேறி அமெரிக்காவில் பென்சில்வேனியாவுக்குப் போய் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். பிறகு கிராமத்தார் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிலையாக அனுப்பிய இந்தப் புனிதர் லண்டனோடு நின்றுவிட்டார். அவர் யார் வீட்டுக்கு உரியவர் என்ற வழக்கு இரண்டு குடும்பங்களுக்கும் இடையில் கடல் தாண்டி நடந்துகொண்டிருந்தது.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். திருநாளில் எட்டுப் பேர் தோளில் அவர் வீதி சுற்றும்வரை லண்டனில் இருக்கலாம். எந்த ஆண்டு எட்டுத் தோள் கிடைக்கவில்லையோ, அந்த ஆண்டு அவர் அமெரிக்காவுக்குப் போய்விட வேண்டும். பாதி வழியில் இறக்கினால் தூக்கியதாகக் கணக்கில்லை. பிள்ளைகள் எல்லாம் புறநகருக்கு வீடு மாறிப் போயிருந்தார்கள். அன்று வந்திருந்தது ஏழு பேர்.

சுரங்கத்துக்குப் போன தம்பியின் மகன் அமெரிக்காவிலிருந்து வந்து நின்றார். வைக்கோல் தொப்பி, கையில் வீடியோ கமெரா. ஓய்வு பெற்ற வாத்தியார். தன்னுடைய ஊரில் நூல்நிலையத்துக்கு மேலே ஓர் அறை எடுத்து, சுரங்கத்துக்கு வந்த இத்தாலிக்காரரின் விளக்குகள், தொப்பிகள், கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தார். புனிதருக்கு அங்கே கண்ணாடிக் கூடு தயார். கோயிலுக்குள் கதவோரம் பலகைப் பெட்டி ஒன்றும் திறந்தபடி நின்றது. புனிதர் பயணம் போவதற்கு.

கிழவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் எட்டாவது ஆள் என்று காட்டினார்.

அமெரிக்கர் மரியாதையாகத்தான் சொன்னார். "இது சரிவராது அண்ணை. எங்கட ஊரில முதல் வந்த குடும்பங்களின்ர ரத்தம்தான் தோள் குடுக்கலாம். சங்கத்தில சட்டம் இருக்கு."

"உங்களிட்ட இருக்கிறது இவரின்ர படம் மட்டும்தானே. அதை எப்பிடிக் கொண்டு போறியள்?"

"லொறியில. பூச் சோடிச்சு."

"அப்ப ரத்தம் எங்க போகுது?"

அமெரிக்கர் கொஞ்சம் யோசித்தார். "பின்னால கார்ல வருது" என்று சொல்லிவிட்டுத் தானும் சிரித்துவிட்டார்.

ஆனால் தூக்க வந்திருந்தவர்களில் ஒருவர் சிரிக்கவில்லை. தெரியாத ஆளை விடக் கூடாது என்றார். வாக்குவாதம் அவர்களுடைய மொழிக்கு மாறியது. பாண்ட்காரர்கள் நிழலுக்கு ஒதுங்கினார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு போகலாமா என்று பார்த்தேன்.

அப்போது கிழவரின் தமக்கை முன்னால் வந்தார். கட்டையான பெண், கையில் ஊன்றுகோல். கோலை மேடைத் தடியில் தட்டினார். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். எனக்கும் விளங்க வேண்டும் என்றுதான் ஆங்கிலத்தில் பேசினாரென்று நினைக்கிறேன்.

"ரெண்டாம் உலகச் சண்டையில இத்தாலி இறங்கின வருசம், இத்தாலிக்காரன் எண்டு சொல்லி இந்தத் தெரு ஆம்பிளையள் எல்லாரையும் பொலிஸ் வந்து தடுப்புக் காம்புக்குக் கொண்டு போட்டுது. அந்த வருசம் இவரைத் தூக்கினது ஆர்? எட்டுப் பொம்பிளையள். ரோட்டில விடேல்லை, கோயில் வளவுக்குள்ளதான் சுத்தினனாங்கள். அதில நான் ஒருத்தி. சாமி எங்களிட்ட மீசை தேடேல்லை." பிறகு கோலால் என் காலைக் காட்டினார். "என்ர அம்மா வெறுங்காலோடதான் இவருக்குப் பின்னால நடக்கிறவ. இண்டைக்கு உங்களில ஆராவது வெறுங்காலோட நிக்கிறியளோ?"

ஊரில் ஆமிக் காம்பைக் கண்டவன் நான். காம்புக்குக் கொண்டுபோனது என்றால் என்னவென்று எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"நீ கத்தோலிக்கனோ?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை அம்மா. சைவம். ஆனா அந்தோனியாரிட்டப் போறனாங்கள்."

"போதும். தோளைக் கொண்டா."

ஊரில் சாமி தூக்குவதென்றால் மேலில் துணி இருக்காது. பழக்கத்தில் சேட்டுப் பொத்தானில் கை போய்விட்டது. இரண்டு கழற்றிவிட்டேன். "அது வேண்டாம்!" என்று தமக்கை கத்த, பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மறுத்து நின்றவரும் சிரித்தார். அதோடு அந்த வழக்கு முடிந்தது.

எனக்கு வலப்பக்கத் தடியில் முன் இடம். எனக்குப் பின்னால் காது பெருத்த ஒரு நடு வயதுக்காரர். இடப்பக்கத் தடியில் முன்னால் கிழவரே நின்றார். "ஏத்து" என்று சத்தம் வந்தது. மரமும் சாந்தும் சேர்ந்த சுமை தோளில் இறங்கியது. ஊரில் தூக்கிய சாமியைவிடப் பாரம் குறைவு என்று முதலில் நினைத்தேன். முதல் திருப்பத்திலேயே அந்த நினைப்பு போய்விட்டது.

தெருவில் இத்தாலிக்காரர் இப்போது அதிகம் இல்லை. அலுவல் பார்க்கும் கந்தோர்கள், அச்சுக்கூடங்கள், எல்லாம் பூட்டு. கிழவர் மட்டும் தடிக்குக் கீழே மூச்சு வாங்கிக்கொண்டு வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தார். புனிதருக்குச் சொன்னாரா எனக்குச் சொன்னாரா தெரியாது.

"இது ஐஸ் வித்த வீடு. இது சுருவம் வார்த்த வீடு, லண்டன் கோயில் பாதிக்கு இவன்தான் மாதா வார்த்தவன். இது ஓர்கன் பெட்டி திருத்தினவன். இது பிடிச்சுக்கொண்டு போய்த் திரும்பி வராத வீடு."

ஒவ்வொரு கதவும் எனக்கு ஒரே நிறமாகத்தான் தெரிந்தது. அவருக்கு அப்படி இல்லை. நான் அதுவரை லண்டனை ஷிப்டுக்கும் அறைக்கும் நடுவில் கிடக்கும் ரோட்டாக மட்டும்தான் பார்த்திருந்தேன். வெயிலில் தார் இளகி உள்ளங்கால் சுட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

கோயிலுக்குத் திரும்புகிற வழி மேடு. பாதி ஏறும்போது என் இடப்பக்கத்தில் ஏதோ தளர்ந்தது. கிழவரின் முழங்கால் மடிந்துவிட்டது. மேடை சரிய, நாயின் மூக்கு அவருடைய தலைக்கு நேரே வந்தது. என் பக்கத்துத் தடி தோளைவிட்டு மேலே எழும்பியது. பாண்ட் நின்றுவிட்டது.

"இறக்காதேங்கோ!" என்று கிழவர் கத்தினார். "இறக்கினால் போச்சு!"

அமெரிக்கர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றுமே செய்யத் தேவையில்லை. இன்னும் சற்று நேரம் கமெராவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் புனிதர் அவருடைய பெட்டிக்குள் போயிருப்பார். அவர் முகத்தை நான் பார்த்தேன். கமெராவை வாரோடு, பக்கத்தில் நடந்து வந்த தமக்கையின் கழுத்தில் மாட்டினார். தொப்பி கீழே விழுந்ததை எடுக்கவில்லை.

"தள்ளி நில் அண்ணை" என்று சொல்லித் தடிக்குக் கீழே தோளைக் கொடுத்தார்.

மேடை நிமிர்ந்தது. கிழவர் பக்கத்தில் நொண்டிக்கொண்டு வந்தபடி அவரை ஏசினார். "முதுகை நிமித்தடா! வாத்தியார் மாதிரி நடக்காதை! உன்ர கொப்பன் சுரங்கத்துக்குள்ளயும் நிமிந்து நடந்தவன்!" பாண்ட் மறுபடி தொடங்கியது. மேடு முடிந்தது. கதவு நிலையில் தட்டாமல் புனிதர் உள்ளே போனார். அவரை இறக்கி வைத்தபோது கை தட்டியவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

அமெரிக்கர் காலிப் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார்.

"நல்ல பலகை" என்றார். "நானே நிண்டு அடிச்ச பெட்டி."

"வைச்சிட்டுப் போ. தக்காளி அடுக்கலாம்" என்றார் கிழவர்.

"ஊரில கண்ணாடிக் கூடு வெறுமையா நிக்கப் போகுது. சனத்துக்கு என்ன சொல்லுறது?"

"உன்ர சப்பாத்தைக் கழட்டி வை" என்றார் தமக்கை. "புனிதரைத் தூக்கின சப்பாத்து எண்டு எழுதி ஒட்டு."

அந்தத் தெருவில் அந்த ஆண்டு புனிதர் தங்கியதில் எட்டில் ஒரு பங்கு என்னுடையது. சர்டிபிகேட் என்று ஒன்றும் என்னிடம் இல்லை. இதை மட்டும் நான் யாரிடமும் குறைத்துச் சொல்வதில்லை.

பின் மண்டபத்தில் சாப்பாடு வைத்தார்கள். நான் இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டிருந்தபோது, தடியில் எனக்குப் பின்னால் வந்த காது பெருத்தவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என்ன வேலை செய்யிறீர்?"

"காலமை வரைக்கும் பெற்றோல் ஷெட். இப்ப ஒண்டும் இல்லை."

"பாரத்தை மற்றவன்ர பக்கம் தள்ளாத ஆள் நீர். பின்னால நிண்டு பாத்தனான். என்னட்ட ஓர் ஆள் குறையுது. நாளைக்கு வாரும்."

"என்ன வேலை?"

"தரை" என்றார்.

குட்மேய்ஸுக்குப் போய்ச் சேர்ந்து நண்பனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை.

"வெள்ளைக்காரனுக்கும் வைரவரோடா? வடைமாலை போட்டவங்களோ?"

"நாயின்ர வாயில பாண் வைச்சிருந்தவங்கள்."

"நாய்க்குக் குடுத்தாங்கள், உனக்கு?"

"மூண்டு கோப்பை மக்கரோனி."

"அப்ப சாமிதான்" என்று சொல்லி, பாயை விரித்து இடம் விட்டான்.

காலையில் காது பெருத்தவர் சொன்ன இடத்துக்குப் போனேன். திருத்தி எழுப்பிக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடம், நீளமான நடை. மாபிள் சல்லியைச் சீமெந்தோடு குழைத்துக் கொட்டி, இறுகிய பிறகு தேய்த்து மினுக்கும் தரை. எங்கள் ஊரிலும் வசதியானவர்களின் வீட்டில் பார்த்திருக்கிறேன். அதை யாராவது தேய்த்திருப்பார்கள் என்று நினைத்ததே இல்லை. முந்திய வாரம் கொட்டிய பகுதி சாம்பல் நிறத்தில் கரடாகக் கிடந்தது. அவர் தண்ணீரைத் திறந்துவிட்டு, கல் பூட்டிய மெஷினை அதன் மேல் ஓட்டிக் காட்டினார். சாம்பல் சேறு ஒதுங்க, அடியிலிருந்து வெள்ளையும் கறுப்பும் சிவப்புமாகக் கற்கள் தெளிந்து வந்தன. பிறகு கைபிடியை என்னிடம் தந்தார். மெஷின் என்னை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் ஓடியது. அவர் சிரித்துவிட்டு, திரும்பப் பிடி என்றார். பிடித்தேன்.