வவுனியாவில் கேட்ட மஸ்கட் இஞ்சின்

2003 ஆவணி, திங்கட்கிழமை, காலை 5.00. முல்லைத்தீவு.

பஸ் நிலையம் என்று இங்கே சொல்லப்படுவது ஒரு வேப்பமரமும் அதன் கீழ் நிற்கும் ஒரு பஸ்ஸும்தான். பஸ்ஸின் கூரையில் ஐந்தாறு சைக்கிள்களும் இரண்டு கூடை கருவாடும் ஏற்றியிருந்தார்கள். மாங்குளம் வரை 49 கிலோமீற்றர், நாற்பது ரூபா. ஐந்து நாள் என் தோழி, ஆசிரியை மலரின் வீட்டில் தங்கி நண்டும் கணவாயுமாகச் சாப்பிட்டுத் தீர்த்துவிட்டு கொழும்பு வெள்ளவத்தைக்குத் திரும்புகிறேன். வரும்போது தனியாக வந்தவள். போகும்போது என்னுடன் ஒரு நேர்முகப் பரீட்சை வருகிறது.

பரீட்சைக்குரியவர் ரஃபீக். வயது முப்பத்தெட்டு. கரையில் போட் இஞ்சின் திருத்துகிறவர். பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு, குடும்பத்தோடு போன வருடம்தான் ஊர் திரும்பினார். மஸ்கட்டில் மீன்பிடிப் படகுகளின் இஞ்சின்களைத் திருத்தும் ஒரு கராஜுக்கு ஆள் தேவை என்று இணையத்தில் கண்டு, புத்தளத்து மைத்துனர் இவருக்காக விண்ணப்பித்திருந்தார். பதில் வந்திருக்கிறது. கம்பியூட்டரில் முகம் பார்த்து, குரல் கேட்டு, ஆளைத் தேர்வார்களாம். கொழும்புக்கு அலையத் தேவையில்லை. முன்பு கொழும்பில் ஒரு ஏஜன்சிக்காரர் இவருடைய பாஸ்போட்டை எட்டு மாதம் மேசைக்குள் வைத்திருந்துவிட்டு, வேலை இல்லை என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். அந்த மேசை இந்த முறை வழியிலேயே இல்லை. இதை நினைக்க நினைக்க எனக்கே ஒரு துள்ளல் வந்தது.

முல்லைத்தீவில் இணையம் கிடையாது. அதனால் வவுனியாவில் அச்செடுத்த அந்த மின்னஞ்சல் மீன் லொறியில் ஊர் வந்து சேர்ந்திருந்தது. மலர் அதை என்னிடம் நீட்டியபோது கடதாசியில் சூடை மீன் வாடை அடித்தது. உலகின் அதிவேகத் தபால் கடைசி நூறு கிலோமீற்றரை ஐஸ் பெட்டிக்கு மேலே உட்கார்ந்து வந்திருக்கிறது.

"அக்காவுக்கு இங்கிலீசு தண்ணி பட்ட பாடெண்டு ரீச்சர் சொன்னவா. எனக்கு இஞ்சின்ர பாஷை மட்டும்தான் தெரியும். நீங்கள் வந்து கதைச்சுத் தந்தால் போதும்" என்றார் ரஃபீக்.

தண்ணி பட்ட பாடு! இருபது வருடமாக மற்றவர்களின் கடிதங்களை மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்து வயிறு வளர்க்கிறேன். அதை ஒருவர் புகழ்ந்தால் தலைக்குள் கொஞ்சம் காற்று ஏறத்தான் செய்யும். கடிதத்தை வாங்கி வாசித்து, "மஸ்கட் நேரம் ஒன்பது மணி. எங்களுக்கும் அவையளுக்கும் இரண்டு மணித்தியாலம் வித்தியாசம். அப்ப எங்களுக்குப் பதினொரு மணி" என்று தீர்ப்புச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை.

காலை 6.10. ஒட்டுசுட்டான். யானை இரவில் இறங்கி வேலியைப் பிரித்த இடத்தைப் பார்க்கச் சாரதி பஸ்ஸையே நிறுத்தினார். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். வயல்காரர் ஒருவர் வேலியைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார், யானையை அல்ல. ரஃபீக் மட்டும் இறங்கவில்லை. சான்றிதழ்கள் இருந்த கோவையை மடியில் வைத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதியை அந்தப் பாதையிலேயே கறந்துவிட்டார். பிஸ்டனுக்கு என்ன, கார்பரேட்டருக்கு என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாம் அதே சொல்தான் என்றதும் அவருக்குப் பெரிய ஆறுதல்.

காலை 7.20. மாங்குளம். இங்கே ஏ9 வீதியில் பஸ் மாறினோம். வவுனியாவுக்கு 44 கிலோமீற்றர். கூரையில்லாத கட்டிடங்களுக்கு நடுவே புதிய கடைகள் நீலத் தகரத்தோடு நின்றன.

காலை 8.05. புளியங்குளம். புலிகள் இயக்கத்தின் சோதனைச்சாவடி. ரஃபீக்கின் போகும் அனுமதித் துண்டைப் பதிந்தார்கள், பைகளைத் திறந்து பார்த்தார்கள். எல்லாம் முக்கால் மணித்தியாலத்தில் முடிந்தது. ஓமந்தைக்கு ஒரு பஸ் புறப்படத் தயாராக நின்றது.

"இதில ஏறுவமோ?" என்று ரஃபீக் கேட்டார்.

"கனக்க நேரம் இருக்கு. சாப்பிட்டுவிட்டுப் போவம். பசி வயிற்றோட பேட்டி குடுக்கக் கூடாது" என்றேன். பிட்டும் மாசிச் சம்பலும், இருவருக்குமாக அறுபது ரூபா. சம்பல் அருமை. இரண்டாம் முறையும் வாங்கினேன். இந்தச் சம்பலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். காரணம் அடுத்த பந்தியில் இருக்கிறது.

ஓமந்தை. இராணுவச் சாவடியின் தகரக் கொட்டகைக்குள் நீண்ட வரிசையில் நின்றோம். என் கைக்கடிகாரத்தில் 9.50. கொட்டகைச் சுவரில் தொங்கிய வட்டக் கடிகாரத்தில் 10.20. முதலில் அதுதான் பழுதென்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, பழுது என் கணக்கில்.

வன்னிக்குப் போகாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். கொழும்பு அரசு சில வருடங்களுக்கு முன் கடிகாரத்தை முன்னே தள்ளியது. இயக்கத்தின் கையிலிருந்த வன்னி தள்ள மறுத்துவிட்டது. அதனால் ஓமந்தைக்கு அந்தப் பக்கம் ஒரு நேரம், இந்தப் பக்கம் அரை மணித்தியாலம் கூடிய இன்னொரு நேரம். முல்லைத்தீவுக்குப் போன முதல் நாளே மலர் என் கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருகியிருந்தாள். மஸ்கட் கணக்கை நான் கொழும்பு நேரத்தில் போட்டேன். அதை வன்னி நேரத்தில் கட்டிக்கொண்டு சம்பல் சாப்பிட்டேன். ரஃபீக்கின் கையிலும் வன்னி நேரம்தான்.

"ரஃபீக், என்னை மன்னிக்க வேணும். எங்களுக்கு நாப்பது நிமிசம்தான் இருக்கு" என்று உண்மையைச் சொன்னேன். இந்த மனிதருடைய வேலையை என் வாயால் கெடுத்துவிட்டேனே!

அவர் சுவரைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். பிறகு முன்னால் நின்ற ஒவ்வொருவரிடமும் போய், "வெளிநாட்டு இன்ரவியூ, நேரம் பிந்திப்போச்சுது, முன்னுக்கு விடுவியளோ?" என்று கேட்டார். இலங்கையில் வரிசையில் நிற்கும் ஒருவரும் இடம் விடமாட்டார். அன்றைக்கு விட்டார்கள். "கொம்பியூட்டர் இன்ரவியூவோ? போங்கோ, போங்கோ!" என்று ஒரு பெரியவர் தள்ளியே விட்டார். அடையாள அட்டையை வாங்கிய சிப்பாய்க்கும் யாரோ சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் தலையாட்டி, அட்டையைச் சட்டென்று திருப்பித் தந்தார்.

பஸ் நிரம்பும்வரை காத்திருக்க முடியாது. வவுனியா 14 கிலோமீற்றர், முச்சக்கரவண்டி முந்நூற்றைம்பது ரூபா. "பறக்கவோ?" என்றார் சாரதி. "பறவுங்கோ" என்றோம் இருவரும். பறந்தார். ஒவ்வொரு குழியிலும் என் தலை கூரையைத் தட்டியது. நியாயமான தண்டனை.

கொழும்பு நேரம் 11.12. வவுனியா, கடைவீதியில் ஒரு இணையக் கடை. மாடிப்படி ஏறினால் ஒடுங்கிய அறை, ஐந்து கம்பியூட்டர்கள், ஒரே ஒரு கமரா. மணித்தியாலத்துக்கு நூறு ரூபா. கடைக்காரி கவிதா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"பதினொரு மணியில இருந்து அந்த மனுசன் கூப்பிட்டுக்கொண்டு நிண்டவர். இப்ப வேற ஆளோட கதைக்கிறார் போல."

திரையில் ஆங்கிலத்தில் மூன்று வரிகள் இருந்தன. வணக்கம். இருக்கிறீர்களா? பத்து நிமிடம் காத்திருந்தேன், அடுத்தவரை அழைக்கிறேன்.

ரஃபீக் கதிரையில் உட்காரவில்லை. கோவையைப் பிடித்தபடி நின்றார். நான் விசைப்பலகையை இழுத்து, இருபது வருடத் தட்டச்சின் முழு வேகத்தோடு எழுதினேன். எங்கள் நாட்டில் இரண்டு நேரம் இருக்கிறது, இடையில் இரண்டு சாவடி இருக்கிறது, கணக்கைப் பிழையாகப் போட்டது மொழிபெயர்ப்பாளர், மெக்கானிக் அல்ல. தயவுசெய்து ஐந்து நிமிடம் தாருங்கள்.

இருபத்தைந்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு வரி. அடுத்து அழைத்த கோழிக்கோட்டுக்காரர் முடித்துவிட்டார். ஒரே நாட்டில் இரண்டு நேரமா? சரி, வாருங்கள்.

படம் வந்தது. அதாவது, ஒரு நெற்றி வந்தது, அரை நிமிடம் கழித்து மூக்கு வந்தது. கராஜ் மேலாளர் பிலிப்பீன்ஸ்காரர். மஸ்கட்டில் பிலிப்பீன்ஸ்காரர் கேட்க, வெள்ளவத்தைக்காரி தமிழாக்க, முல்லைத்தீவார் வவுனியாவிலிருந்து பதில் சொன்னார். எத்தனை வருட அனுபவம், மண்ணெண்ணெயில் ஓடும் இஞ்சின் தெரியுமா என்று கேள்விகள் ஓடின. திடீரென்று அவர், "நான் ஒரு இஞ்சினை ஓட்டுகிறேன். என்ன பழுதென்று சொல்லட்டும்" என்றார்.

நான் மொழிபெயர்க்கும் முன்பே சத்தம் வந்துவிட்டது. தலையில் மாட்டும் ஹெட்போன் போதாதென்று கவிதா ஸ்பீக்கரைத் திருப்பிவிட்டாள். ஓமான் கரையிலிருந்து ஒரு போட் இஞ்சின் வவுனியா மாடியறைக்குள் டக்கடக்கென்று உறுமியது. மற்றக் கம்பியூட்டர்களில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

ரஃபீக் கண்ணை மூடினார். சிரித்தார்.

"ரெண்டு சிலிண்டர் இஞ்சின். ஒண்டு வேலை செய்யேல்ல. ஆனா இது பழுதில்லை அக்கா. பிளக் பழுதெண்டால் இடைக்கிடை அடிச்சு அடிச்சு விடும். இதில அந்தச் சிலிண்டர் ஒருக்காக்கூட அடிக்கேல்ல. அவர் பிளக் வயரைக் கழட்டி வச்சிட்டு எங்களைப் பேய்க்காட்டுறார்."

ஒரு மேலாளரிடம் இதை எப்படிச் சொல்வது? சொன்னேன், ஒரு சொல்லும் குறைக்காமல். இஞ்சின் நின்றது. படம் உறைந்திருந்தது, குரல் மட்டும் வந்தது. அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். கோழிக்கோட்டுக்காரர் இஞ்சினையே கழற்றிப் பூட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இவருக்கு வேலை நிச்சயம். விசாவும் கடிதமும் மின்னஞ்சலில் வரும். அறையே கைதட்டியது. கவிதா எல்லோருக்கும் நெக்டோ சோடா ஓடர் பண்ணினாள்.

"இன்னும் ஒரு கேள்வி" என்றார் மேலாளர். "இங்கே வர உங்களுக்கு எத்தனை நாள் வேண்டும்? எங்களுக்கு இரண்டு வாரத்தில் ஆள் வேண்டும்."

"ரெண்டு மாசம்" என்றார் ரஃபீக்.

"உங்களுக்கென்ன விசரே? அந்த மனுசன் ரெண்டு கிழமை எண்டுறார்" என்றேன் தமிழில்.

"ரெண்டு மாசம் எண்டு சொல்லுங்கோ அக்கா."

"கோழிக்கோட்டுக்காரன் நாளைக்கே பிளேன் ஏறுவான்!"

"சொல்லுங்கோ."

வாங்கிய வேலை கைநழுவப் போகிறது என்று மனதுக்குள் புலம்பிக்கொண்டே சொன்னேன். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கவிதா வயர்களை அசைத்துப் பார்த்தாள். பிறகு திரையில் ஒரு வரி வந்தது. பழுதில்லாததைப் பழுதில்லை என்று சொல்பவருக்காக இரண்டு மாதம் பொறுக்கலாம்.

பிற்பகல் 2.30. வவுனியா ரயில் நிலையம். கொழும்புக்கு இரண்டாம் வகுப்பு டிக்கெட் எடுத்தேன். என்னை ஏற்றிவிட ரஃபீக் வந்திருந்தார். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் வெளிநாடு போகாத வீடு ஒன்றுகூட இல்லை. வேலை சரிவந்தவர்கள் அன்றைக்கே பெட்டி கட்டத் தொடங்குவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். இந்த மனிதர் கிடைத்த வேலையைப் பணயம் வைத்து நாள் கேட்டிருக்கிறார். கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கேட்டேவிட்டேன்.

"அந்த ரெண்டு மாசத்தில அப்பிடி என்ன செய்யப் போறியள்?"

"கிணறு இறைக்கோணும். மூண்டு பேரின்ர இஞ்சின் கழட்டினபடி கிடக்கு, பூட்டிக் குடுக்கோணும். எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிப்போட்டு வெளிக்கிடோணும்."

"அதுக்கு ரெண்டு கிழமை போதாதே?"

ரயில் அசைந்தது. அவர் யன்னல் கம்பியைப் பிடித்தபடி நாலடி கூடவே நடந்தார்.

"தொண்ணூறில இயக்கம் முஸ்லிம் சனம் எங்களை ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்னது, அக்கா. அடுப்பில இருந்த சோத்தை இறக்கவும் நேரமில்லை. எத்தினை நாள் வேணும் எண்டு இண்டைக்குத்தான் ஒரு ஆள் என்னட்டக் கேட்டவர். கேட்டவுடன, கனக்கச் சொல்லோணும் போல இருந்தது."